ஹோலுக்குள்ள நிக்கிற மொன்ஸ்ரெரா வெளிறிப் போகுது: தண்ணியோ, வெளிச்சமோ?

வடலி | யூன் 12, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணம் கோண்டாவிலில இருந்து எழுதுறன். எங்கட ஹோலுக்குள்ள ஒரு பெரிய மொன்ஸ்ரெராக் கொடி நிக்குது, நெஞ்சளவு உயரம். வாங்கேக்க இருந்த இலையள் வடிவா வெட்டு விழுந்து, நடுநரம்புக்குப் பக்கத்தில சின்ன ஓட்டையளோட இருந்தது. சித்திரைக்குப் பிறகு வாற இலையெல்லாம் சின்னன், ஓட்டை ஒண்டும் இல்லை. நரம்பு மட்டும் பச்சை, இடையில மஞ்சள். பழைய இலையளின்ர ஓரம் கருகி, தொட்டால் நொறுங்குது. இலைக்கு மேல வெள்ளைப் புள்ளியும் கிடக்கு, துடைச்சாலும் போகுதில்லை.

சீமெந்துச் சாடி. அடியில சல்லிக்கல் ஒரு படை, மேல செம்மண்ணும் மாட்டெருவும். ஒவ்வொரு நாளும் காலமை ஒரு செம்பு கிணத்துத் தண்ணி. நிலம் பழுதாகாமல் கீழ தட்டு வச்சிருக்கு. சாடி நிக்கிறது சோபாவுக்குப் பக்கத்தில, யன்னல் பத்தடி தள்ளி.

மாமி சொல்லுறா, "காட்டுக்கொடியைக் கொண்டுவந்து வீட்டுக்குள்ள வச்சால் உப்பிடித்தான், மாமரத்துக்குக் கீழ கொண்டுபோய் வை" எண்டு. எனக்கு மனமில்லை. யூரியூப்பில பார்த்திட்டு ஈரப்பதக் கருவி வாங்குவமோ எண்டு யோசிக்கிறன். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

ரொறன்ரோவான் | யூன் 12, இரவு 10.15

தங்கச்சி, ஓரம் கருகுது எண்டால் காத்தில ஈரம் காணாது. ஈரப்பதக் கருவி கட்டாயம் வாங்குங்கோ. இல்லாட்டி தட்டில கூழாங்கல் பரப்பித் தண்ணி விட்டு, அதுக்கு மேல சாடியை வையுங்கோ. தண்ணி ரெண்டு கிழமைக்கு ஒருக்கால் போதும். வடக்கு யன்னலுக்குக் கிட்ட வையுங்கோ, அங்க நேர் வெயில் வராது. குளிர் காத்துப் படாமலும் பாருங்கோ. எங்கட வீட்டில ஒண்டு சீலிங்கைத் தொட்டுக்கொண்டு நிக்குது.

கிணற்றடி | யூன் 13, காலை 6.05

குளிர் காத்தோ அண்ணை? கோண்டாவிலிலயோ?

மாசி மாதம் ஹீற்றர் போட்ட வீட்டுக்குள்ள காத்து காஞ்சு போகும், அங்க நீங்கள் சொல்லுறது சரி. இஞ்ச உப்புப் போத்தலை ஒரு இரவு திறந்து வச்சால் காலமை உப்புக் கசிஞ்சு கிடக்கும். காத்தில ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இந்தக் கொடி தெற்கு மெக்சிக்கோவில இருந்து பனாமா வரைக்கும் மழைக்காட்டில மரத்தைப் பிடிச்சு ஏறுறது. எங்கட புழுக்கம் அதுக்கு நல்லாப் பிடிக்கும். வடலி, கருவிக்குக் காசைக் கரைக்காதேங்கோ. பிரச்சினை காத்தில இல்லை, வாளியில.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கீழ கிடக்கிறது சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணி அதுக்குள்ளால இறங்கேக்க சுண்ணாம்பைக் கரைச்சுக்கொண்டுதான் கிணத்துக்கு வருது. உங்கட கேத்திலுக்குள்ள எட்டிப் பாருங்கோ, வெள்ளைப் பொருக்குப் பிடிச்சிருக்கும். இலையில இருக்கிற புள்ளியும் அதே சாமான்தான். தண்ணி தெளிச்சுக் காய விட்டால் தண்ணி ஆவியாப் போகும், சுண்ணாம்பு தங்கும். மேலால தெரியிறது கொஞ்சம். ஒவ்வொரு நாளும் ஒரு செம்பு எண்டால் மண்ணுக்குள்ள எவ்வளவு சேர்ந்திருக்கும்?

வடலி | யூன் 13, காலை 8.30

கேத்திலைப் பார்த்தன். சரியான பொருக்கு! ஆனால் அண்ணை, எங்கட கிணறு நல்ல தண்ணி. அக்கம்பக்கத்து ஆக்களும் குடிக்கிறதுக்கு அள்ளிக்கொண்டு போறவை. உவர் ஒரு துளியும் இல்லை. குடிக்கிறதுக்கு நல்லது, செடிக்குக் கூடாதோ?

கிணற்றடி | யூன் 13, பகல் 12.50

உவர் வேற, கடினம் வேற. ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்புறதாலதான் கனபேர் பிழையான வைத்தியம் பார்க்கினம்.

உவர் எண்டால் கறியுப்பு. தீவுப்பக்கமும் கடற்கரைப் பக்கமும் உள்ள கிணறுகளில அது நாக்குக்கே தெரியும். கடினம் எண்டால் கல்சியமும் மகனீசியமும் இருகாபனேற்றும் (பைகார்பனேற், சுண்ணாம்போட கரைஞ்சு வாற காரம்). அது வாய்க்குத் தெரியாது, சோறு அவிக்கலாம், தேத்தண்ணி போடலாம். சவுக்காரம் நுரைக்காது, அவ்வளவுதான்.

வாழைக்கும் வெங்காயத்துக்கும் உந்தத் தண்ணியைத்தான் இறைக்கினம், ஒண்டும் செய்யேல்லை. ஏனெண்டால் தோட்டத்தில மாரி மழை வந்து வருசத்துக்கு ஒருக்கால் எல்லாத்தையும் கழுவி இறக்கிவிடும். வீட்டுக்குள்ள நிக்கிற சாடிக்கு எந்த மாரி? ஊத்தின உப்பு முழுக்க உள்ளதான் கிடக்கும். அதுவும் இப்ப சோளகம் (தென்மேற்குக் காத்து) அடிக்கிற நேரம், தண்ணி கெதியாக் காயும், உப்பு இன்னும் செறியும். கருகின ஓரம் அதாலதான் எண்டு நினைக்கிறன்.

முதல் வேலை: சாடியை முத்தத்துக்குக் கொண்டுபோய், சாடி கொள்ளுற அளவைப் போல ரெண்டு மடங்கு தண்ணியை ஆறுதலா ஊத்தி, அடியால வடிய விடுங்கோ. கிடைச்சால் மழைத்தண்ணி. இப்ப ஆனி மாதம் மழைக்கு எங்க போறது எண்டு கேப்பியள். வீட்டில ஏசி இருக்கோ? வெளியில குழாயால சொட்டுற தண்ணியை வாளியில பிடியுங்கோ. அது காத்தில இருந்த ஈரம் குளிர்ந்து வாறது, சுண்ணாம்பும் இல்லை, உவரும் இல்லை. எங்கட புழுக்கத்துக்கு ஒரு இரவில வாளி நிரம்பும்.

ஒண்டு மட்டும் கவனம். சில பேர் ஆர்ஓ மெசினால வெளியேறுற கழிவுத் தண்ணியை வீணாக்காமல் பூங்கண்டுக்கு விடுகினம். அது வடிகட்டி ஒதுக்கின உப்பு முழுக்கச் சேர்ந்த தண்ணி. கிணத்துத் தண்ணியை விட மோசம்.

விஞ்ஞான ரீச்சர் | யூன் 13, மாலை 7.20

கிணற்றடி சொன்னது சரி. ஆனால் வடலியின் செடியில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன, ஒன்றல்ல. பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஓரம் கருகுவது பழைய இலைகளில். அது உப்புச் சேர்ந்ததால் இருக்கலாம். நரம்பு பச்சையாக, இடையில் மஞ்சளாக வருவது புது இலைகளில். அது இரும்புக் குறைபாட்டின் அடையாளம். செடிக்குள் இரும்பு இடம் மாறாது. பழைய இலையில் இருக்கும் இரும்பை எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கச் செடியால் முடியாது. அதனால் பஞ்சம் முதலில் குருத்தில் தெரியும். மகனீசியம் அப்படியல்ல, அது இடம் மாறும். அதன் குறைபாடு கீழ் இலையில் தொடங்கும். இதைப் பார்க்காமல் எல்லா மஞ்சளுக்கும் எப்சம் உப்பு என்ற மகனீசிய உப்பைப் போடச் சொல்லும் காணொளிகளைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மண்ணில் இரும்பு இல்லை என்றும் நினைக்க வேண்டாம். கோண்டாவில் செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஒட்சைட்டுத்தான். இருகாபனேற்று மண்ணின் பீஎச் பெறுமானத்தை (அமில, கார அளவை) உயர்த்திவிட, இரும்பு கரையாமல் பூட்டுப்பட்டுக் கிடக்கிறது. இன்னும் ஆணியைப் புதைத்தாலும் பயனில்லை. (புதைப்பவர்கள் இருக்கிறார்கள்.)

இரும்புக் கொடுக்கிணைப்பு மருந்து (இரும்பைப் பூட்டுப்படாமல் கரைந்தபடி பிடித்து வைத்திருப்பது) விவசாயக் கடைகளில் கிடைக்கும். ஈடிடிஏ என்று எழுதியிருந்தால் மண்ணில் ஊற்ற வேண்டாம், பீஎச் 6.5க்கு மேல் அதன் பிடி தளர்ந்துவிடும். மிக ஐதாகக் கரைத்து இலையில் மாலை நேரம் தெளிக்கலாம். ஈடிடிஎச்ஏ வகை கிடைத்தால் அது காரமான மண்ணிலும் வேலை செய்யும்.

சாடியின் அடியில் போட்ட சல்லி என்ன கல்? உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல் சல்லியா?

வடலி | யூன் 13, இரவு 9.05

ஓம் ரீச்சர், வீடு கட்டேக்க மிஞ்சின வெள்ளைச் சல்லி. தண்ணி வடியும் எண்டு போட்டது. சாடியும் புதுச் சாடி, தையில வார்ப்பிச்சது.

விஞ்ஞான ரீச்சர் | யூன் 13, இரவு 9.30

அப்படியானால் தண்ணீரிலும் சுண்ணாம்பு, அடியிலும் சுண்ணாம்பு, சுவரிலும் சுண்ணாம்பு. புதிய சீமெந்து ஈரம் பட்டால் காரத்தைக் கசிய விடும். அவசியம் சாடி மாற்றுங்கள்.

ரொறன்ரோவான் | யூன் 13, இரவு 10.40

அடியில கல் போடாட்டித் தண்ணி எப்பிடி வடியிறது? நாங்கள் ஊரில இருந்த காலத்தில அம்மா எல்லாச் சாடிக்கும் கல் போட்டுத்தான் நட்டவ, குரோட்டன் எல்லாம் மதில் உயரத்துக்கு வளர்ந்தது.

நீர்வேலி அக்கா | யூன் 14, காலை 5.45

குரோட்டன் எதிலயும் வளரும் தம்பி. அது வெளியில நிண்டு மழையும் குடிச்சது.

கல்லுப் படை தண்ணியை இழுக்காது. நுண்ணிய மண்ணுக்குக் கீழ பெரிய கல்லு வந்தால், மண் முழுக்க ஊறி நிரம்பும் வரைக்கும் தண்ணி கல்லுக்குள்ள இறங்காது. வேர் நிக்கிற இடத்துச் சேறுதான் மேல வருது. அடியில ஓட்டை பெரிசா இருந்தால் போதும், மண் போகாமல் ஒரு உடைஞ்ச ஓட்டுத் துண்டைக் கவிழ்த்து வையுங்கோ.

இந்தக் கொடிக்குச் செம்மண்ணே வேண்டாம். காட்டில இதின்ர வேர் மரப்பட்டையிலயும் உக்கின இலையிலயும் ஓடுறது. செம்மண் சாடிக்குள்ள இறுகினால் வேருக்கு மூச்சு விட ஏலாது. நான் போடுறது இது: தேங்காய்ப் பொச்சை ரெண்டு விரல் மொத்தத்துக்கு வெட்டின துண்டு பாதி, தும்புத்தூள் கால், மிச்சத்தில உக்கின இலைப்பசளையும் உடைச்ச சிரட்டைக்கரியும், ஒரு கை நல்லா உக்கின ஆட்டெரு. ஒருக்காலும் கடற்கரை மணல் கலக்காதேங்கோ, அதில சிப்பியும் உப்பும். பொச்சையும் தும்புத்தூளையும் நட முதல் ஊற வச்சுத் தண்ணியை ஊத்திப்போட்டுத் திருப்பி ஊற வையுங்கோ. முதல் தண்ணி தேத்தண்ணி நிறத்தில வரும். அந்த நிறம் வெளிறும் மட்டும் கழுவவேணும், தும்பிலயும் உப்பு இருக்கும்.

மாத்தேக்க வேரைப் பாருங்கோ. வெள்ளையா, கட்டியா இருந்தால் நல்லது. கறுத்து, விரலால இழுத்தால் தோல் கழண்டு உள்நார் மட்டும் மிஞ்சினால் அழுகல், வெட்டி எறியுங்கோ. தண்டில இருந்து தொங்கிற கயித்து வேரை மட்டும் வெட்டாதேங்கோ. ஒரு தடியில தும்புக்கயிறை நெருக்கமாச் சுத்தி நடுவில நட்டு, அந்த வேர்களை அதில சாத்திக் கட்டிவிடுங்கோ. பிடிச்சு ஏற ஏற இலை பெருக்கும். தொங்க விட்டால் சிறுக்கும்.

தண்ணிக்குக் கணக்கு வைக்காதேங்கோ, ஒவ்வொரு நாளும் எண்டும் இல்லை, ரெண்டு கிழமை எண்டும் இல்லை. நடுவிரலை உள்ள விட்டுப் பாருங்கோ. ரெண்டாம் மூட்டு வரைக்கும் காஞ்சிருந்தால் அடியால வடியும் வரைக்கும் ஊத்துங்கோ. சோளகத்தில கெதியாக் காயும், மார்கழியில கிழமைக் கணக்கா ஈரம் நிக்கும்.

பனங்கிழங்கு | யூன் 14, காலை 9.10

தேசிக்காய்ப் புளி விட்டால் தண்ணியின்ர சுண்ணாம்பு முறியும் எண்டு கேள்விப்பட்டன். மெய்யே?

விஞ்ஞான ரீச்சர் | யூன் 14, காலை 11.00

முறியும், ஆனால் நிலைக்காது. தேசிக்காய்ப் புளியும் வினாகிரியும் இருகாபனேற்றை நடுநிலைப்படுத்தும். பின்னர் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தை உண்டுவிட, காரம் திரும்பி வரும். அவசரத்துக்குச் செய்யலாம். கொதிக்க வைத்து ஆறவிட்டு மேல் தண்ணீரை எடுத்தாலும் சுண்ணாம்பு குறையும், உவர் குறையாது. ஆனால் ஒரு கொடிக்காகக் காஸ் எரிப்பது எனக்கு ஏற்கவில்லை.

மாரியில் சேமியுங்கள். பத்தடிக்குப் பத்தடி கூரையில் 50 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 450 லீற்றருக்கு மேல் வரும். பீலியின் வாயில் ஒரு பரல். முதல் மழையை விட்டுவிடுங்கள், கூரைத் தூசியும் காகத்தின் எச்சமும் அதோடு போகட்டும்.

வடலி | யூன் 15, இரவு 8.20

சாடி மாத்தியாச்சு! இவரும் தம்பியும் சேர்ந்து தூக்கினவை. வேர் கொஞ்சம் கறுத்திருந்தது, வெட்டினன். இனி எங்க வைக்கிறது? அதே சோபாவுக்குப் பக்கத்திலயோ, அண்ணை சொன்ன வடக்கு யன்னலோ?

கிணற்றடி | யூன் 15, இரவு 9.15

ஓட்டை இல்லாத இலைக்குப் பதில் இதுக்குள்ளதான் இருக்கு. இலை வெட்டு விழுறதுக்குச் செடிக்கு வயசும் வேணும், வெளிச்சமும் வேணும். உங்கட செடிக்கு வயசு காணும், முந்தி ஓட்டையோட இலை விட்டதுதானே. இருட்டில நிண்டால் பழையபடி குஞ்சு இலைதான் விடும். எங்கட பழைய வீடுகள் வெயிலை உள்ள விடாமல் கட்டினது: தாழ்வாரம், அகலமான விறாந்தை, அதுக்குப் பிறகுதான் ஹோல். மனிசருக்குச் சுகம். பத்தடி உள்ளுக்கு, எங்கட கண்ணுக்கு வெளிச்சமாத் தெரியும், செடிக்கு அது பின்னேரம்.

பகல் 12 மணிக்குச் சாடி நிக்கிற இடத்தில ஒரு வெள்ளைத் தாளுக்கு மேல கையைப் பிடியுங்கோ. விரல் விரலா நிழல் விழுந்தால் நல்ல இடம். மங்கலாக் கையெண்டு மட்டும் தெரிஞ்சால் உயிரோட நிக்கும், ஓட்டை வராது. நிழலே இல்லையெண்டால் அங்க பிளாஸ்ரிக் பூ வையுங்கோ.

வடக்கு யன்னல் கதை கனடாவுக்குச் சரி, அங்க மத்தியானச் சூரியன் எப்பவும் தெற்குப் பக்கம். நாங்கள் இருக்கிறது 9 பாகை 40 கலையில. சித்திரை வருசப்பிறப்பை ஒட்டி ஒருக்கால், ஆகஸ்ட் கடைசியில ஒருக்கால் சூரியன் எங்கட உச்சந்தலைக்கு நேர வரும். இடையில உள்ள மாதங்கள் முழுக்க அது எங்களுக்கு வடக்காலதான் போகும். இப்ப யூனில வடக்கு யன்னலால காலமையும் பின்னேரமும் சரிஞ்ச வெயில் உள்ள வரும். மார்கழியில அதே யன்னல் நிழல், தெற்கு யன்னலால வெயில் ஆழமா உள்ள விழும். அதால திசையைப் பாடமாக்காமல், உங்கட வீட்டு நிலத்தில வெயில் விழுற இடத்தைப் பாருங்கோ.

எனக்குப் பிடிச்சது கிழக்கு. காலமை வெயில் ரெண்டு மணித்தியாலம் பட்டாலும் இலை எரியாது. மேற்கு யன்னல் மட்டும் வேண்டாம். மூண்டு மணி வெயிலும் சோளகப் புழுதியும் சேர்ந்து அடிக்கும். இருட்டில இருந்ததை உடன வெளிச்சத்தில வைக்காதேங்கோ, ஒரு கிழமைக்குக் கொஞ்சம் கொஞ்சமா அரக்குங்கோ. வெளிச்சம் கூடத் தண்ணியும் கூடக் கேக்கும்.

ரொறன்ரோவான் | யூன் 15, இரவு 11.30

உச்சந்தலைக் கணக்கு எனக்கு மறந்தே போச்சுது. சரி, ஊருக்கு வரேக்க பார்ப்பம். ஆனால் தட்டில கூழாங்கல் போட்டுத் தண்ணி விடுறது வடிவுக்கெண்டாலும் நல்லாயிருக்கும்.

மூளாய்த் தம்பி | யூன் 16, காலை 7.00

ஐயோ அண்ணை, அதை மட்டும் சொல்லாதேங்கோ. பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் முதல் குனிஞ்சு பார்க்கிறது சாடிக்குக் கீழதான். நுளம்பு பெருகாமல் தடுக்க 2007இல வந்த 11ஆம் இலக்கச் சட்டப்படி வழக்கே போடலாம். டெங்கு நுளம்புக்கு ஒரு தட்டுத் தண்ணி தாராளம். அதுவும் வீட்டுக்குள்ள, சுத்தமான தண்ணியில, நிழலில. முட்டையில இருந்து பறக்கிற நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும்.

தண்ணியை ஊத்தினால் சரியெண்டும் நினைக்காதேங்கோ. முட்டை தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, தட்டின்ர ஓரத்தில ஒட்டிக்கிடக்கும். காஞ்சாலும் மாதக்கணக்காச் சாகாது, பேந்து தண்ணி பட்டவுடன பொரிக்கும். தட்டைத் தும்புத்தடியால உரஞ்சிக் கழுவவேணும். மணிப்பிளான்ற் வச்ச போத்தலுக்கும் இதே கதைதான். ரீச்சர் சொன்ன மழைத்தண்ணிப் பரலுக்கும் நுளம்பு வலை கட்டுங்கோ.

நீர்வேலி அக்கா | யூன் 16, காலை 8.15

நான் தட்டே வைக்கிறேல்லை. முத்தத்தில தண்ணி ஊத்தி, வடிஞ்ச பிறகு சில்லுப் பலகையில உருட்டி உள்ள கொண்டு வாறது.

வடலி | யூன் 16, பகல் 1.10

தட்டை எடுத்திட்டன். இன்னும் ரெண்டு கேள்வி. மாமி இலை மினுங்கவேணும் எண்டு தேங்காயெண்ணெய் பூசுறா, பூசலாமோ? மற்றது, அக்காவின்ர மகள் தவழ்ந்து திரியிறா. கையில அம்பிட்டதெல்லாம் வாயில.

விஞ்ஞான ரீச்சர் | யூன் 16, மாலை 6.40

எண்ணெய் வேண்டாம். சோளகப் புழுதி முழுக்க அதில் ஒட்டி, இலைக்கு வெளிச்சம் போகாது. ஏசித் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். இலையின் அடிப்பக்கத்தையும் துடையுங்கள், செம்பேனும் மாப்பூச்சியும் அங்கேதான் குடியிருக்கும்.

குழந்தை விடயம் முக்கியம். இது சேம்பு, கருணைக்கிழங்குக் குடும்பம். அவற்றில் நாக்கைக் கடிக்கும் அதே கல்சியம் ஒட்சலேற்று ஊசிகள் இதன் இலையிலும் தண்டிலும் உண்டு. கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். கடித்துவிட்டால் வாயைக் கழுவி, குளிர்ந்த பால் கொடுத்து, வீக்கமோ மூச்சுத் திணறலோ தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பிள்ளை வளரும்வரை ஒரு கதவுக்கு அப்பால் வைப்பதே நல்லது.

பனங்கிழங்கு | யூன் 16, இரவு 8.00

இதில பழம் வருமாம், அன்னாசியும் வாழைப்பழமும் கலந்த ருசியாம். வீட்டுக்குள்ள காய்க்குமோ? அதோட வடலி, ஒரு துண்டு தருவியளோ? நான் பக்கத்து இணுவில்தான்.

நீர்வேலி அக்கா | யூன் 16, இரவு 8.50

வீட்டுக்குள்ள காய்க்கிறது அருமை. காய்ச்சாலும் பழுக்க ஒரு வருசமளவில எடுக்கும். மேல் செதில் தானாக் கழண்டு விழுந்த பகுதியை மட்டும்தான் தின்னலாம், அவசரப்பட்டால் வாய் வெந்துபோகும்.

துண்டு வெட்டுறதெண்டால் இலையை மட்டும் வெட்டித் தரவேண்டாம் வடலி. காம்போட தண்ணியில வச்சால் வேர் வந்தாலும் கொடி வராது. தண்டில கணு இருக்கவேணும், கயித்து வேர் ஒண்டும் அதோட இருந்தால் இன்னும் நல்லது. கணுவுக்கு ரெண்டு விரல் கீழ வெட்டுங்கோ. ஆனால் உங்கட செடி இப்பதான் சாடி மாறினது. நல்ல நிறத்தில ஒரு புது இலை விரிச்ச பிறகு வெட்டுங்கோ, அதுமட்டும் பனங்கிழங்கு பொறுக்கட்டும்.

பனங்கிழங்கு | யூன் 16, இரவு 9.20

பொறுக்கிறன் அக்கா. போத்தல் தண்ணியில வச்சோ வேர் விடுவிக்கிறது?

நீர்வேலி அக்கா | யூன் 16, இரவு 9.35

தம்பி நுளம்புக் கதை சொன்னாப் பிறகுமோ? கழுவின தும்புத்தூளை ஈரமாப் பிழிஞ்சு ஒரு ஐஸ்கிறீம் டப்பாவுக்குள்ள போட்டு, கணுவை அதில பாதி தாழுங்கோ. நிழலில வையுங்கோ. வெட்டின வாயை ஒரு இரவு காய விட்டிட்டுத் தாட்டால் அழுகாது. வெட்டேக்க வாற சாறு கையைக் கடிக்கும், பழைய துணி ஒண்டு கொண்டு போங்கோ.